உப்பு நீரை எதிர்த்து நின்ற தம்பதி

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த கூனிமேட்டில் கடலுக்கும் பயிருக்கும் இடையே தூரம் அதிகம் இல்லை. வடக்கே மரக்காணம் வரை போனால் உப்பளங்கள். இந்தக் கரையில் மணிலாவும் தர்ப்பூசணியும் சவுக்கும் பயிரிடுவோர் மழையை எவ்வளவு எதிர்பார்க்கிறார்களோ, அவ்வளவு கிணற்று நீரின் சுவையையும் கவனிக்க வேண்டியவர்கள். உப்பளத்தையும் பயிர் நிலத்தையும் இறால் குளமாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் எஸ். ஜகந்நாதன். அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் நடத்திய இல்லறம் கடற்கரை விவசாயிகள் அறிய வேண்டிய ஒன்று.

ஜகந்நாதன் இராமநாதபுரம் பகுதியில் வசதியான குடும்பத்தில் பிறந்து, காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டவர். கிருஷ்ணம்மாள் 1926-இல் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். நிறைமாதத்திலும் தாய் கூலி வேலைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவர். நாடு விடுதலை பெற்ற பிறகே திருமணம் என்று இருவரும் காத்திருந்தனர். 1950-இல் மணம் நடந்தது.

மணமான கையோடு பிரிவு. ஜகந்நாதன் வினோபா பாவேயுடன் வடநாட்டில் பூமிதான நடைப்பயணத்தில் இருக்க, அம்மையார் சென்னையில் ஆசிரியைப் பயிற்சி பெற்றார். அவர் திரும்பிய பின் இருவரும் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நிலம் கேட்டு நடந்தனர். சிறைவாசமும் வந்தது. சண்டையில்லாத வீடே மகிழ்ச்சியான வீடு என்பார்கள். இவர்களுக்குச் சண்டை போட வெளியிலேயே வேண்டிய மட்டும் இருந்தது!

மகனுக்கு இட்ட பெயர் பூமிகுமார். பூமிதான நாட்களின் நினைவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. மகள் சத்யா. இருவரும் மருத்துவர்கள் ஆயினர். மகன் கம்போடியாவில் குழந்தைகளின் மனநல மருத்துவராகப் பணிபுரிந்தவர். பெற்றோருக்கு மணிவிழா எடுத்து மாலை போடுவது நல்ல வழக்கந்தான். ஆனால் தாய் தந்தையின் வாழ்க்கையைப் பிள்ளை மெச்சினான் என்பதற்கு, போரில் நொந்த ஒரு நாட்டின் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கப் போனதைவிடப் பெரிய அடையாளம் வேண்டியதில்லை. அள்ளிக் கொடுக்க ஏக்கர் கணக்கில் சொத்து சேர்த்த பெற்றோர் அல்லர் அவர்கள்.

மனைவி பெயரில் நிலம்

1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் கூலித் தகராறில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன்பின் தம்பதி கீழத்தஞ்சையில் தங்கிப் பணி செய்தனர். 1981-இல் ‘லாப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கினர். நிலச்சுவான்தாரையும் கூலியாளையும் நேருக்கு நேர் உட்கார வைத்து விலை பேசி, கடன் பெற்று நிலம் வாங்கி, குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் வீதம் பிரித்துக் கொடுப்பது அதன் வழி. பத்திரம் பெண்ணின் பெயரில். ஆண் பெயரில் உள்ள நிலம் அடகுக்கடைக்குப் போகும் வேகம் எல்லோரும் அறிந்ததே. இவ்வாறு சுமார் 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன.

இறால் குளம் வந்தது

1990-களில் நாகப்பட்டினம் கரையில் இறால் பண்ணைகள் பெருகின. பாடுபட்டு வாங்கிக் கொடுத்த நிலத்தின் பக்கத்திலேயே கடல் நீர் தேங்கியது. மணற்பாங்கான பூமியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்பு அவ்வளவும் ஏறி வரும். குளத்தில் மாதக்கணக்கில் தேங்கும் உப்பு நீர் மேலிருந்தும் இறங்குகிறது. கிணறு இரு பக்கமும் அடி வாங்குகிறது.

1994-இல், எண்பது வயதை ஒட்டி, ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். ஊரில் பெண்களைத் திரட்டி நின்றவர் கிருஷ்ணம்மாள். அந்த வயதில் பல வீடுகளில் கிழவரைத் திண்ணையை விட்டு இறங்க விடமாட்டார்கள். விவசாய நிலம், உப்பள நிலம், அலையாத்திக் காடு, ஈரநிலம், ஊர்ப் பொது நிலம் எதையும் இறால் குளமாக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. வேலையிழக்கும் தொழிலாளருக்கு ஆறு ஆண்டுச் சம்பளம் நஷ்டஈடு என்றும் அதில் இருந்தது.

வெற்றி முழுதாக நிலைத்துவிடவில்லை. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றியது. பதிவு பெற்ற பண்ணைகள் நடக்க அதனால் வழி ஏற்பட்டது. 2023-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே பக்கத்தில் குளம் வெட்டக் கண்டால், அது அந்த ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று முதலில் கேட்க வேண்டும். ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது.

தம்பதி இருவருக்கும் சேர்த்தே 2008-இல் ஸ்வீடன் நாட்டின் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2013 பிப்ரவரியில் ஜகந்நாதன் காலமானார். அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட இல்லறம். கிருஷ்ணம்மாளுக்கு 2020-இல் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டது.

கூனிமேட்டு விவசாயி செய்து வைக்கக் கூடியது ஒன்று உண்டு. கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை, கிணற்று நீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, சர்வே எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவு பார்த்து, அந்தச் சீட்டைப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கலாம். நாளை உப்பு ஏறியது என்று மனுக் கொடுக்க, நேற்று எவ்வளவு இருந்தது என்ற சான்று வேண்டும். பத்திரத்தை எடுக்கும்போது அதில் வீட்டுக்காரியின் பெயரும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.