மாத்தம்மா (குறும்படம்)

மாத்தம்மா, கவிஞரும் திரைப்பட இயக்குநருமான லீனா மணிமேகலையின் முதல் படம். 2003-ல் வெளிவந்த இந்த ஆவணக் குறும்படம் 20 நிமிடம் ஓடக்கூடியது. அரக்கோணம் பகுதியில் வாழும் அருந்ததியர் சமூகத்தில், பெண் குழந்தைகளைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைப் பற்றியது.

களம்

அரக்கோணம், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டைக்கு வடமேற்கே உள்ளது. படம் வந்தபோது வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-லேயே ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. படம் பேசும் வழக்கம் அதே வட்டாரத்தில், அதே காலத்தில் நிலவியது.

வழக்கம்

மாத்தம்மா என்பது அருந்ததியர் வழிபடும் பெண் தெய்வம். குழந்தைக்குக் கடும் நோய் வந்தால், பிழைத்தால் உனக்கே விட்டுவிடுகிறோம் என்று பெற்றோர் அம்மனிடம் வேண்டிக்கொள்வார்கள். பிழைத்த பெண் குழந்தைக்கு அம்மன் பெயரால் தாலி கட்டப்படும். அதன்பின் அவளும் ‘மாத்தம்மா’ என்றே அழைக்கப்படுவாள். திருவிழாக்களில் ஆட வேண்டும். மற்றப் பெண்களைப்போல் மணம் செய்துகொள்ள முடியாது. இதனால் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகும் நிலை ஏற்படுகிறது.

கருப்பொருள்

அடையாளம், நினைவு, உரிமை ஆகிய மூன்றும் இவ்வழக்கத்தில் பின்னிக் கிடக்கின்றன. தெய்வத்தின் பெயர் பெண்ணின் சொந்தப் பெயரை மறைத்துவிடுகிறது. தாலி கட்டும் சடங்கு ஒரு நாளில் முடிந்தாலும் ஊர் அதை மறப்பதில்லை. தெய்வத்துக்கு உரியவள் என்று சொல்லப்படுபவளுக்குக் குடும்பத்தின் பாதுகாப்பு இல்லாமல் போகிறது. வறுமையும் மருத்துவ வசதியின்மையும் நேர்த்திக்கடனுக்குக் காரணமாவதால், பெற்றோரை மட்டும் குற்றம் சொல்லி இதைப் புரிந்துகொள்ள இயலாது.

சட்டம்

பெண்களைத் தெய்வத்துக்கு அர்ப்பணிப்பதைச் சென்னை மாகாணத்தின 1947-ஆம் ஆண்டு தேவதாசி ஒழிப்புச் சட்டம் தடை செய்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் இறுதியில் சட்டமன்றத்தில் தொடங்கிய முயற்சியின் நிறைவு அது. பெருங்கோயில்களில் அம்முறை மறைந்தது. ஆனால் சேரியின் சிறு கோயிலில், குடும்ப வேண்டுதலாக நடக்கும் சடங்கு எளிதில் வெளியே தெரிவதில்லை. 2017-ல் தேசிய மனித உரிமை ஆணையம், மாத்தம்மா கோயில்களில் சிறுமிகள் நேர்ந்துவிடப்படுவதாக எழுந்த புகார் குறித்துத் தமிழ்நாடு, ஆந்திர அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. படம் வந்து 14 ஆண்டுகளுக்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை என்பதை இது காட்டுகிறது.

தொடர்ச்சி

இதையடுத்து லீனா மணிமேகலை ‘பறை’ (2004), ‘செங்கடல்’ (2011), ‘மாடத்தி’ (2019) முதலிய படங்களை இயக்கினார். தனுஷ்கோடி மீனவர்களைப் பற்றியது செங்கடல். புதிரை வண்ணார் சமூகத்துப் பெண்ணொருத்தி தெய்வமாகும் கதை மாடத்தி. ஒடுக்கப்பட்ட பெண்ணுக்கும் தெய்வத்துக்கும் உள்ள உறவை, முதல் படத்துக்குப் பின் மாடத்தியில் அவர் மீண்டும் கையிலெடுத்தார்.