சவுக்குத் தோப்பில் மரங்களின் போட்டியும் கம்ப்யூட்டர் கணக்கும்

கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரையிலுள்ள கடற்கரை மணற்பாங்கான நிலங்களில் சவுக்கு பயிரிடும் நிலச்சுவான்தார்கள், கன்று நடுமுன் தீர்மானிக்க வேண்டிய முக்கிய விஷயம் இடைவெளியாகும். 3 அடிக்கு 3 அடி வீதம் நட்டால் ஏக்கருக்கு 4,840 கன்றுகள் பிடிக்கும். 5 அடிக்கு 5 அடியாயின் 1,742 கன்றுகளே பிடிக்கும். நெருக்கி நடுவதே லாபமென்று கருதுவோர் பலர். ஆயினும், சவுக்கு வெயிலை மிகவும் நாடும் மரமாதலால், அண்டை மரங்களின் நிழலில் அகப்பட்டது பருக்காது மெலிந்து, நாளடைவில் பட்டுப்போகும்.

இப்போட்டியின் பலனை முன்னதாகவே கணக்கிடும் வழியொன்றுண்டு. கானடா தேசத்தில் நியூனாம் என்பவர் 1964-ஆம் வருஷத்தில் டக்ளஸ் பர் என்னும் மரத்தோப்பின் வளர்ச்சியைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக் காட்டினார். 1972-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் போட்கின் முதலிய மூவர், பலவகை மரங்கள் கலந்த காட்டுக்கு 'ஜபோவா' என்னும் கணக்கை வெளியிட்டனர். இவற்றின் முறை எளிதில் விளங்கத்தக்கதே. கிராமக் கணக்கில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் தனிப்பதிவு இருப்பது போல, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பதிவு உண்டு. அதன் பருமனும் வளரும் வேகமும் அதில் குறிக்கப்படும். அண்டை மரங்கள் எவ்வளவு மறைக்கின்றனவோ அவ்வளவுக்கு அவ்வருஷ வளர்ச்சி குறைக்கப்படும். வளர்ச்சி மிகக் குன்றிய மரம் சாகக்கூடியதென்று கொள்ளப்படும். இவ்வாறே வருஷாவருஷம் கணக்கு நடக்கும்.

நமக்கு அருகிலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்துள்ளது. புதுச்சேரியில் 1955-ஆம் வருஷத்தில் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார், குடகு ஜில்லாவைச் சேர்ந்த உப்பங்களா மழைக்காட்டில் 1990-ஆம் வருஷத்தையொட்டி நிலையான அளவைப் பாத்திகள் அமைத்து, மரங்களின் சுற்றளவை அளந்து வந்தனர். அவ்வளவுகளைக் கொண்டு கம்ப்யூட்டர் கணக்குகளும் தயாரிக்கப்பட்டன.

எனினும், மலைக்காட்டு அளவு கடற்கரை மணலுக்குப் பொருந்தாது. தத்தம் நிலத்தில் எடுத்த அளவே கணக்குக்கு ஆதாரம். ஆகையால், புதிதாகத் தோப்பு வைப்போர் ஒரு பகுதியை 3 அடியிலும், அதே மண்ணுள்ள மற்றொரு பகுதியை 5 அடியிலும் நடுவாராக. ஓரத்து வரிசைகளுக்குப் பக்கவெளிச்சம் அதிகமாதலால் அவற்றை நீக்கி, உட்புற மரங்களுக்கு எண்ணிட்டு, வருஷந்தோறும் ஒரே மாதத்தில், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுத்து எழுதுக. பட்டுப்போனவற்றையும் தவறாது குறிக்க.

பலனை ஒப்பிடும் விதம் வருமாறு: உயரம் சமமாயின், மரத்தின் கனம் சுற்றளவின் வர்க்கத்தை ஒத்தது. 3 அடி இடைவெளியில் 6 அங்குலச் சுற்றளவுள்ள 4,840 மரங்களும், 5 அடி இடைவெளியில் 10 அங்குலச் சுற்றளவுள்ள 1,742 மரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு மரம் தரும். அகல நட்டவை 10 அங்குலத்தைத் தாண்டினால் அதுவே மேல். தாண்டாவிடில் நெருக்க நடவே மேல். பட்டுப்போனவற்றை இரு பக்கத்திலும் கழித்துக்கொள்க.

காகித ஆலைக்கு எடைக்கணக்கில் விற்போர்க்கு மொத்த மரமே பிரதானம். சாரக்கம்பு விற்போர்க்கு ஒவ்வொன்றின் பருமனும் நேர்மையும் பிரதானம். ஆதலின் விற்பனையை முதலில் நிச்சயித்து, இடைவெளியைப் பின்னர் நிச்சயிப்பதே விவேகம். கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்வளவுகளை எழுதிவைக்கும்படி குடிகளைத் தூண்டுவாராயின், அடுத்த நடவுக்கு அந்த ஊரிலேயே ஆதாரம் கிடைக்கும்.