மங்கும் பார்வை

தாத்தா மாலைநடையை நிறுத்திவிட்டால், கால்வலி என்றே வீட்டார் எண்ணுவர். பாட்டி ஊசியில் நூல் கோக்கப் பேரனை அழைத்தால், அது அன்பாகவே தோன்றும். இரண்டுக்கும் பின்னால் மங்கிவரும் கண்கள் இருக்கக்கூடும்.

நம் கண்ணினுள் ஒளியைக் குவிக்கும் வில்லை ஒன்று உண்டு. அதனை லென்ஸ் என்பர். நாற்பது வயதளவில் அதன் நெகிழ்ச்சி குறைவதால் அருகிலுள்ள எழுத்துத் தெளிவாகத் தெரியாது. இதுவே வெள்ளெழுத்து. (இப்பாடத்தை எழுதும் நானும் ஏட்டைக் கைநீட்டிப் பிடித்தே படிக்கிறேன்.) இதற்குக் கண்ணாடி போதும். முதுமையில் அந்த வில்லையே பழுப்பேறி ஒளிபுகாமல் மங்குவது கண்புரை. கண்ணழுத்த நோய் பக்கப் பார்வையை மெல்லப் பறிக்கும். விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்தால் எதிரில் நிற்பவரின் முகமே தெரியாது.

இவை பெரும்பாலும் ஒரே நாளில் நேர்வதில்லை. ஆதலால் முதியோர் தம்மை அறியாமலே தம் வாழ்வைச் சுருக்கிக்கொள்கின்றனர். வெண்ணிறக் கோப்பையில் பால் எதுவரை நிறைந்தது என்று தெரியாமல் வழிந்துவிடும். மாத்திரைப் பட்டைகள் மாறிப்போகும். கடைசிப் படி தரையோடு ஒன்றாகத் தோன்றும். கால் தவறினால் இடுப்பெலும்பு முறியக்கூடும். தெருவில் அறிந்தவரை அடையாளம் காணாமல் கடந்தால் செருக்கு என்னும் பழி வரும். அப்பழிக்கு அஞ்சியே வெளியில் செல்வதைக் கைவிட்டோர் உண்டு.

ஊரைவிட்டுத் தில்லியிலோ போபாலிலோ மகன் வீட்டில் வந்து தங்கும் முதியவரின் நிலை இன்னும் கடினம். கடைப்பலகையின் எழுத்து அவருக்கு முன்பே புரியாதது. அண்டை வீட்டாரின் மொழியும் தெரியாது. தமிழ் வார இதழ் ஒன்றே துணை. அவ்வெழுத்தும் கலங்கினால் பேச்சற்று அமர்ந்துவிடுகிறார். வயதாகிவிட்டது என்று நாமும் முடிவுகட்டிவிடுகிறோம். கேட்டாலும், பிள்ளைக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று மறைப்பார்.

கண்புரை மருந்தால் கரையாது. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தும் அறுவையால் பெரும்பாலோர் மீண்டும் தெளிவாகக் காண்கின்றனர். பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டத்தை இந்தியா 1976இல் தொடங்கியது. அதே ஆண்டில், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய மருத்துவர் ஜி. வெங்கடசாமி, மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவினார். பணம் இல்லாதோர்க்கும் அங்கே அறுவை நடைபெறுகிறது. ஆனால் கண்ணழுத்த நோயால் இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காக்கவே இயலும்.

ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றொன்றின் குறை வெளிப்படாது. ஆகவே இன்று மாலை தாத்தாவையோ பாட்டியையோ ஒரு கண்ணை மூடிக்கொண்டு இதழின் தலைப்பைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை மூடச் சொல்லுங்கள். தயங்கினால், அன்றே பெற்றோரிடம் கூறுங்கள்.