நூற்றில் ஒரு பங்கு

அரசாங்கப் பணத்தைப் பெறும் பொதுநலச் சங்கம் அரசாங்கத்துக்கு அடிமையாகாது வாழ இயலுமா? ஹங்கேரி நாட்டின் அனுபவம் இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

கம்யூனிஸ்ட் ஆட்சியில், கட்சியின் பிடிக்குள் அடங்காத சங்கங்களுக்கு அங்கு இடமிருக்கவில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையை மீட்டளித்தது. உரிமை வந்தது, பொருளோ அரிதாயிருந்தது. 1996இல் பாராளுமன்றம் ஒரு புதுவழி கண்டது. குடிமகன் தன் வருமான வரியில் நூற்றுக்கு ஒரு பங்கைத் தான் விரும்பும் சங்கத்துக்கு வழங்குமாறு எழுதிக் கொடுக்கலாம். பணம் திறைசேரியினுடையது, தெரிவு குடிமகனுடையது. மந்திரியின் தயவை நாடி நிற்க வேண்டியதில்லை. சிலோவாக்கியா, போலந்து முதலிய நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றின.

ஆயினும், ஒரு கையாற் கொடுத்த அரசு மறுகையால் ஐயக்குறி இட்டது. ஆண்டொன்றில் 72 இலட்சம் போரிண்டும் அதற்கு மேலும் வெளிநாட்டுப் பணம் பெறும் சங்கங்கள் அதனைப் பதிந்து, தம் வெளியீடுகளிலும் அறிவிக்க வேண்டுமென 2017இற் சட்டம் பிறந்தது. 2020இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அச்சட்டத்தைப் பிழையெனத் தீர்த்தது. 2021இல் அது நீக்கப்பட்டது.

பொருளைப் பகிர்ந்தளிக்கச் சட்டம் போதும். மாற்றுக் கருத்துடையோரையும் நம்புவதற்கோ பெருமனம் வேண்டும். அதுவே விடை.