கோடை வார இறுதியில் பொன்முடி: 2 மணி நேரப் பயணத்தில் குளிர்மலை, புறப்படும் முன் அறிய வேண்டியவை என்ன?

திருவனந்தபுரம்: கோடை விடுமுறைக் காலத்தில் சனி, ஞாயிறு வந்துவிட்டால், திருவனந்தபுரத்தில் இருந்து நெடுமங்காடு செல்லும் சாலையில் வாகனங்களின் எண்ணிக்கை காலையிலேயே உயர்ந்துவிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை செல்லும் இடம் பொன்முடி. நகரில் இருந்து சுமார் 60 கிலோ மீட்டர் தொலைவில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இந்த மலைவாழிடத்தை 2 மணி நேரத்தில் அடைந்துவிடலாம். கேரள மக்கள் மட்டுமின்றி கன்னியாகுமரி, தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களைச் சேர்ந்தவர்களும் இங்கு வருகின்றனர்.

ஆனால், உதகையைப் போலவோ கொடைக்கானலைப் போலவோ பொன்முடி ஒரு நகரம் அன்று. கடைவீதிகளும் விடுதி வரிசைகளும் இங்கு இல்லை. ஒற்றைச் சாலை, தேயிலைத் தோட்டங்கள், புல்வெளி, சுற்றிலும் காடு ஆகியவையே இம்மலையின் அடையாளம். இந்த எளிமையே பயணிகளை ஈர்க்கிறது. இதனை அறியாமல் செல்வோருக்கு ஆபத்தாகவும் முடிகிறது.

மலை ஏன் குளிர்கிறது?

ஏப்ரல் மாதத்தில் திருவனந்தபுரத்தின் பகல் வெப்பநிலை பொதுவாக 33, 34 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். சென்னை, வேலூர் போன்ற ஊர்களுடன் ஒப்பிட்டால் இது குறைவு. இருப்பினும் புழுக்கம் தாங்க முடியாததாக உள்ளது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால், உடலில் சுரக்கும் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். இதனைக் கருத்தில் கொண்டே, வெப்ப அலையை அறிவிப்பதற்கான அடிப்படை அளவாகச் சமவெளிக்கு 40 டிகிரியையும், கடலோரப் பகுதிகளுக்கு 37 டிகிரியையும் இந்திய வானிலை ஆய்வு மையம் வகுத்துள்ளது.

உயரம் கூடக் கூட வெப்பநிலை குறைகிறது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது வளிமண்டலவியல் கூறும் கணக்கு. அதன்படி, நகரில் 33 டிகிரி நிலவும் வேளையில் பொன்முடியில் 26 அல்லது 27 டிகிரி நிலவ வாய்ப்பு உண்டு. அரபிக் கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாக மாறுவதால், கோடையிலும் மூடுபனி திடீரெனச் சூழ்ந்துகொள்கிறது.

செல்லும் வழி

திருவனந்தபுரத்தில் இருந்து நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வழியாகப் பொன்முடியை அடையலாம். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் தம்பானூர் நிலையத்தில் இருந்து இயக்கப்படுகின்றன. மேலிருந்து திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நாகர்கோவில் பகுதியில் இருந்து வருவோர் திருவனந்தபுரம் நகருக்குள் நுழைய வேண்டிய கட்டாயம் இல்லை. மார்த்தாண்டத்தில் இருந்து வெள்ளறடை, ஆரியநாடு வழியாக விதுரையை அடையும் மலையோரச் சாலை உள்ளது. தென்காசியில் இருந்து வருவோர் செங்கோட்டை, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு வழியாக வரலாம்.

இடுக்கி மாவட்டத்திலும் பொன்முடி என்ற பெயரில் ஓர் அணை உள்ளது. கைப்பேசி வரைபடத்தில் பெயரை மட்டும் தேடுவோர், தாம் காண்பது திருவனந்தபுரம் மாவட்டப் பொன்முடிதானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பிற்பகல் மழையும் மின்னலும்

கோடைப் பயணத்தில் பலரும் கணக்கில் கொள்ளாத ஒன்று மழை. மார்ச் முதல் மே வரை கேரளத்தில் கோடை இடிமழைக் காலம். காலையில் வானம் தெளிவாக இருக்கும். நிலம் சூடேறி, கடற்காற்று மலையை நோக்கி வீசத் தொடங்கியதும், நண்பகலுக்குப் பின் மேகங்கள் திரண்டு இடியுடன் மழை கொட்டும். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னல் குறித்து எச்சரிக்கையாக இருக்குமாறு கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தி வருகிறது.

பொன்முடியின் உச்சியில் உள்ள புல்வெளியில் ஒதுங்க இடம் மிகக் குறைவு. திறந்தவெளியில் நிற்பவர்களே மின்னலுக்கு எளிதில் இலக்காகின்றனர். மின்னலைக் கண்ட 30 நொடிகளுக்குள் இடியோசை கேட்டால், மின்னல் சுமார் 10 கிலோ மீட்டருக்குள் உள்ளது என்று பொருள். உடனே கட்டடத்திற்குள்ளோ மூடிய காருக்குள்ளோ செல்ல வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் கழித்தே வெளியே வர வேண்டும். தனி மரத்தின் அடியில் ஒதுங்குதல் கூடாது.

மே மாத இறுதியில் செல்வோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 அன்று கேரளத்தில் தொடங்கும் என்றாலும், 2025ஆம் ஆண்டில் மே 24 அன்றே தொடங்கிவிட்டது. அவ்வாறான ஆண்டுகளில் கோடை வார இறுதி எனத் திட்டமிட்ட பயணம் பருவமழைப் பயணமாக மாறிவிடும்.

அமைதியான கல்லாறு

மலையேறும் முன் குறுக்கிடும் கல்லாறு, பெயருக்கேற்ப உருண்டைக் கற்கள் நிறைந்த ஆறு. கோடையில் கணுக்கால் அளவு நீரே ஓடுவது போலத் தோன்றும். ஆனால், பாறைகளுக்கு இடையே ஆழமான கயங்கள் உள்ளன. குளிக்க இறங்கியவர்கள் இந்த ஆற்றில் உயிரிழந்த நிகழ்வுகள் பலமுறை நேர்ந்துள்ளன.

மலையின் மேற்பகுதியில் பெய்யும் மழை கீழே நிற்பவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து வெள்ளம் வந்துவிடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் அதற்கான அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் உடைமைகளை எடுக்க நில்லாமல் கரையேற வேண்டும். தடை அறிவிப்புப் பலகை உள்ள இடங்களில் இறங்கவே கூடாது.

22 வளைவுகள்

கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால், அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ, அதே கியரில் இறங்குவதே பாதுகாப்பான முறை. குறுகிய சாலையில் எதிரெதிரே வாகனங்கள் சந்தித்தால், ஏறும் வாகனத்திற்கே வழிவிட வேண்டும் என்பது விதி.

இந்த ஒரு சாலை துண்டிக்கப்பட்டால் பொன்முடி முழுவதும் தனித்துவிடும். 2022 செப்டம்பரில் பெய்த கனமழையில், 12ஆவது வளைவின் அருகே சாலை இடிந்து சரிந்தது. அதனால் மூடப்பட்ட சுற்றுலாத் தலம், அந்த ஆண்டு டிசம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

நகரின் குடிநீரும் இம்மலையும்

பொன்முடி, அகத்தியமலைத் தொடரைச் சேர்ந்தது. தமிழர்கள் பொதிகை என்று போற்றும் இம்மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது. மேற்குச் சரிவில் நெய்யாறு, கரமனை ஆறு, வாமனபுரம் ஆறு ஆகியவை பிறக்கின்றன. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்துள்ள அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, பொன்முடியை ஒட்டிய பாறை முகடுகளிலும் வாழ்கிறது.

கல்லாறு, வாமனபுரம் ஆற்றின் கிளையாகும். விதுரைக்கு அருகே கரமனை ஆற்றின் குறுக்கே பேப்பாறை அணை கட்டப்பட்டுள்ளது. அதன் நீரே கீழே அருவிக்கரை வந்து, திருவனந்தபுரம் நகரின் குடிநீராகிறது. மழைநீரைத் தேக்கி, கோடையிலும் சிறிது சிறிதாக ஆற்றுக்கு விடுவது இம்மலைகளின் காடும் புல்வெளியுமே. புழுக்கத்தில் இருந்து தப்பி மலைக்குச் செல்லும் நகரவாசி, தன் வீட்டுக் குழாய்க்கு வரும் நீரின் பிறப்பிடத்திற்கு அருகேதான் செல்கிறார். அங்கு வீசப்படும் நெகிழிப் பையும் புட்டியும் மழையில் அடித்துச் செல்லப்பட்டு ஆற்றையே சேரும்.

கட்டுப்பாடுகள் ஏன்?

கல்லாறு பகுதியில் உள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. பிற்பகலுக்குப் பின் மேலே செல்ல வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. கனமழை எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் சுற்றுலாத் தலமே மூடப்படுகிறது. தொலைவில் இருந்து வந்து திருப்பி அனுப்பப்படுவோர் இதனால் வருத்தம் அடைவது இயல்பே.

எனினும், மலைகளின் தாங்குதிறன் குறித்த கவலை இன்று எங்கும் எழுந்துள்ளது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரி, கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதி நாட்களில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. அத்தனை வாகனங்களைத் தாங்கும் நகரங்களுக்கே வரம்பு தேவைப்படும்போது, ஒற்றைச் சாலை மட்டுமே உள்ள சிறிய மலைக்கு அது இன்னும் இன்றியமையாதது.

பயணத்தை எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம்?

காலை 6 மணிக்குத் திருவனந்தபுரத்தில் இருந்து புறப்பட்டால், சோதனைச் சாவடி திறக்கும் வேளையில் கல்லாற்றை அடைந்துவிடலாம். வெயில் ஏறும் முன் உச்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நண்பகலில் இறங்கத் தொடங்கினால் மழைக்கும் நெரிசலுக்கும் முன்பே கீழே வந்துவிடலாம். தங்குமிடங்கள் மிகக் குறைவு என்பதால், முன்பதிவு இல்லாதோர் ஒரே நாளில் திரும்புவதாகத் திட்டமிடுவதே சரி.

குடிநீர், மெல்லிய மழையங்கி, குழந்தைகளுக்குக் கம்பளி ஆடை, பயண வாந்திக்கான மாத்திரை ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். எரிபொருளை நெடுமங்காட்டிலோ விதுரையிலோ நிரப்பிக்கொள்வது நல்லது. கைப்பேசிச் சமிக்ஞை எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை என்பதால், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுதல் நலம். முதல் நாள் மாலையில் வானிலை அறிவிப்பையும், சுற்றுலாத் தலம் திறந்திருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொண்டால், பாதி வழியில் திரும்ப நேரும் ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.