கருப்புத் தட்டுக்குள் சேவல் கூவும், தெரியுமா?

ஒரு எல்.பி. ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடு இருக்கிறது, தெரியுமா? ஆயிரமா, ஐந்நூறா? என் ஏழு வயது மகள் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எண்ணத் தொடங்கிவிட்டாள். நாற்பதைத் தாண்டியதும் கண் பூத்துப் போய், "நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள்.

ஒன்றே ஒன்று! வெளிவிளிம்பில் ஆரம்பித்து நடுவட்டம் வரை கைமுறுக்கு போலச் சுற்றிச் சுற்றிப் போகிற ஒரே கோடு! இருபது நிமிடப் பாட்டுக்குத் தட்டு ஏறக்குறைய 667 தடவை சுற்ற வேண்டும். அந்தக் கோட்டைப் பிரித்து நீட்டினால் சுமார் 400 மீட்டர் வரும். மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் ஓட்டப்பந்தயக்காரர்கள் ஒரு சுற்று ஓடுகிறார்களே, அவ்வளவு தூரம்! அத்தனை தூரத்தையும் நடந்து கடக்கிற ஊசியின் முனையில் இருப்பது வைரம். "அப்பத்தா மூக்குத்தில இருக்கே, அதுவா?" என்றான் என் ஐந்து வயது மகன். அதேதான்டா தம்பி!

இன்னும் கேளுங்கள். அந்தக் கோடு ஒரு வாய்க்கால் மாதிரி. அதற்கு இரண்டு கரை உண்டு. உள்கரையில் இடது காதுக்கான ஒலி, வெளிக்கரையில் வலது காதுக்கான ஒலி. ஒரே வைரமுனை இரண்டு கரையையும் ஒரே நேரத்தில் உரசி, இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பாடுகிறது!

மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில், சமணர் மலை கண்ணுக்கு நேரே நிற்கும் எங்கள் வீட்டில், நான் பொக்கிஷமாக வைத்திருக்கும் தட்டு பீட்டில்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'. 1967-இல் வந்தது. மாமா ஒருவர் லண்டனிலிருந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்தது. பிள்ளைகளுக்கு இதை முதன்முதலாகப் போட்டபோது, இது எவ்வளவு பெரிய இசை என்று விளக்கினேன். இரண்டே நிமிடம்! இரண்டு பேரும் வேப்பமரத்தடிக்கு ஓடிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு 'தெரியுமா' என்று மட்டும் ஆரம்பித்தேன். அன்று மத்தியானச் சோற்றுக்கு அவர்களைத் தட்டின் முன்னாலிருந்து எழுப்ப முடியவில்லை.

"ராக்குன்னா பாறைதானேப்பா?" என்று பெரியவள் கேட்டாள். இந்த ராக் ஆடுவது, அசைவது. ஆனாலும் அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது! எங்கள் ஊர்ப் பாறையில் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கீழே ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வட்டெழுத்துகள். இன்ன ஆசிரியரின் மாணாக்கர் இந்தத் திருமேனியைச் செய்வித்தார் என்று பாறை சொல்கிறது. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த உருவமும் அங்கே உண்டு. ஒரு தாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள், இன்றைக்கும் வாசிக்கலாம். ரெக்கார்டும் அப்படித்தான்! முதல் மூலத்தட்டில் ஒலியை ஓர் உளி வெட்டிக்கொண்டே போகிறது. அந்த வேலையைச் செய்கிறவர்களும் அதை 'வெட்டுவது' என்றே சொல்கிறார்கள். சமணர் மலையில் இருப்பது கல்வெட்டு, என் மேஜையில் சுற்றுவது குரல்வெட்டு.

பழைய ரெக்கார்டுகள் பூச்சியிலிருந்து வந்தவை, தெரியுமா? அரக்குப்பூச்சி! பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் சின்னஞ்சிறு பூச்சி கக்குகிற பிசின்தான் அரக்கு. உலகம் முழுக்கச் சுற்றிய 78 சுற்றுத் தட்டுகளுக்கு அந்த அரக்கு பெருமளவு நம் நாட்டுக் காடுகளிலிருந்து போனது. கை தவறிக் கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்கிவிடும். 1948-இல் வந்த எல்.பி. வினைல். அதாவது பி.வி.சி. "நம்ம போர் பைப்பாப்பா?" என்றான் சின்னவன். ஆமாம், அதே குடும்பம்! தண்ணீர் வரும் பைப்பும் பாட்டு வரும் தட்டும் பங்காளிகள்!

அரக்குத்தட்டு என்றதும் அப்பத்தாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. கோயில் திருவிழாவுக்கு மைக்செட்காரர் வருவது, வேப்பமரத்தில் குழாய் கட்டுவது, பெட்டியைத் திறந்து ரெக்கார்டு போடுவது, கையை நீட்டினால் அவர் விரட்டுவது. நம் ஊர்களில் 'ரெக்கார்டு டான்ஸ்' என்கிறோமே, அந்தப் பெயருக்குள்ளும் இந்தத் தட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. தட்டு போய் எத்தனையோ காலமாகிவிட்டது, பெயர் போகவில்லை!

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு எனக்கே மெய்சிலிர்த்தது. மதுரையில் பிறந்த ஒரு சிறுமி பத்து வயதில் ரெக்கார்டு கொடுத்தாள், தெரியுமா? 1926. தாயார் சண்முகவடிவு வீணை வாசிக்க, மகள் பாடினாள். அவர்தான் எம்.எஸ். சுப்புலட்சுமி. அந்தத் தட்டை வெளியிட்டது, குழாய் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்ட எச்.எம்.வி. அதன் தாய்க்கம்பெனி 1931-இல் கொலம்பியாவோடு சேர்ந்து இ.எம்.ஐ. ஆனது. அந்த இ.எம்.ஐ.தான் பீட்டில்ஸ் தட்டுகளை வெளியிட்டது! மதுரைச் சிறுமியின் குரலும் லிவர்பூல் பையன்களின் குரலும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தவை. இதையும் பாருங்கள்: 1966 அக்டோபரில் எம்.எஸ். ஐக்கிய நாடுகள் சபையில் பாடுகிறார். அடுத்த மாதமே, நவம்பர் 24 அன்று, லண்டன் ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் இந்த 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்துக்கான வேலையைத் தொடங்குகிறார்கள். "எம்.எஸ். பாட்டி என்னைவிட மூணு வயசுதான் பெரியவங்களா?" என்றாள் மகள். அன்றிலிருந்து அவளுக்கு எம்.எஸ். ஒரு தோழி.

தட்டின் உறையை விரித்துத் தரையில் போடுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு திருவிழா! பீட்டர் பிளேக்கும் ஜேன் ஹாவர்த்தும் அட்டையில் வெட்டிய ஆட்களை வரிசை வரிசையாக நிற்க வைத்து எடுத்த படம். அந்தக் கூட்டத்தில் பரமஹம்ச யோகானந்தர் இருக்கிறார், தேடிக் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டால் கால் மணி நேரம் சத்தமே வராது. ஆனால் ஒருவரை மட்டும் கண்டுபிடிக்கவே முடியாது. காந்தி! அவருடைய உருவத்தையும் வெட்டி வைத்திருந்தார்கள். இந்தியர்கள் மனம் புண்படும் என்று கம்பெனித் தலைவர் சொன்னதால் எடுத்துவிட்டார்கள். 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது அரைவேட்டிக்கு மாறிய அதே காந்தி! அவர் இருந்திருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

உறைக்குள் ஒரு அட்டையும் வைத்திருந்தார்கள், தெரியுமா? வெட்டி ஒட்டிக்கொள்ள மீசை, சார்ஜென்ட் பட்டை, பேட்ஜ்! என் தட்டின் அட்டையை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அன்று மாலை வரை எங்கள் வீட்டில் இரண்டு மீசைக்காரர்கள் திரிந்தார்கள்.

பாட்டுகளுக்குள் போனால் பிள்ளைகளுக்கென்றே செய்தது போல இருக்கும். 'லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்' எப்படிப் பிறந்தது? பீட்டில்ஸில் ஒருவரான ஜான் லென்னனின் மகன் ஜூலியன் நர்சரியிலிருந்து ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான். கூடப் படிக்கும் லூசியின் படம். அதைப் பற்றி அவன் அப்பாவிடம் சொன்ன வார்த்தையே பாட்டாகிவிட்டது! இதைச் சொன்ன மறுநிமிடம் சின்னவன் கிரேயான் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டான்.

இன்னொரு பாட்டு ஒரு போஸ்டரிலிருந்து வந்தது. போஸ்டருக்குப் பேர்போன மதுரைக்காரர்கள் இதைக் கொண்டாட வேண்டும்! 1843-இல் பாப்லோ ஃபேங்க் என்பவரின் சர்க்கஸுக்கு அடித்த விளம்பரம். பழம்பொருள் கடையில் லென்னன் வாங்கினார். அதிலிருந்த ஆட்களும் வித்தைகளும் அப்படியே பாட்டுக்குள் நுழைந்தன. சர்க்கஸ் சத்தம் வேண்டுமே! நீராவி ஆர்கன் பதிவுகளின் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, மேலே தூக்கிப் போட்டு, விழுந்தபடியே பொறுக்கி ஒட்டினார்கள். பொரி விசிறியது போல!

'லவ்லி ரீட்டா' பாட்டில் சீப்பில் தாளை வைத்து ஊதியிருக்கிறார்கள். சீப்பு! இதைக் கேட்டதும் அப்பத்தா எழுந்து போய்ப் பூவரச இலை பறித்துச் சுருட்டி பீப்பி செய்து கொடுத்தார். மூன்று பேரும் தட்டோடு சேர்ந்து ஊதினார்கள். அதைவிட நல்ல பக்கவாத்தியத்தை நான் கேட்டதில்லை.

அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டில் சித்தார், தில்ரூபா, தபலா, தம்பூரா எல்லாம் வருகின்றன. லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள் வாசித்தது. அவர்கள் பெயர் உறையில் இல்லை. எவ்வளவு அழகாக வாசித்தவர்கள்! பெயர் போட்டிருக்க வேண்டாமா? பேச்சிப்பள்ளத்தில் பெயரை வெட்டி வைத்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

இரண்டாம் பக்கத்தில் 'குட் மார்னிங் குட் மார்னிங்'. சேவல் கூவித்தான் பாட்டு தொடங்கும்! தட்டில் சேவல் கூவ, எங்கள் தெருச் சேவல் பதில் கூவியது. பாட்டு முடியும்போது விலங்குகள் ஒவ்வொன்றாக வரும். பூனை, நாய், குதிரை, சிங்கம், யானை என்று போகும். இதில் ஒரு கணக்கு உண்டு. முன்னால் போவதைப் பின்னால் வருவது பயமுறுத்த வேண்டும், இல்லை விழுங்க வேண்டும் என்று லென்னன் கேட்டுக்கொண்டாராம். கடைசியில் ஒரு கோழி கொக்கரிக்கும். அந்தக் கொக்கரிப்பே அப்படியே கிதார் ஒலியாக மாறி அடுத்த பாட்டுக்குள் போய்விடும்! எட்டு தடவை போடச் சொன்னார்கள். "குயில் எங்கப்பா? நம்ம ஊர்ப் பேருலயே இருக்கே" என்று சின்னவனுக்கு ஒரே வருத்தம்.

நீங்களும் செய்து பாருங்கள். தேய்ந்து கீறிப்போன, எதற்கும் ஆகாத ஒரு தட்டைத் தேடிப் பிடியுங்கள். நல்ல தட்டில் செய்தால் கோடு கெட்டுவிடும். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் தையல் ஊசி குத்துங்கள். தட்டைச் சுற்றவிட்டு ஊசியை மெல்ல அதன் மேல் வையுங்கள். ஒலியைப் பெருக்கும் பெட்டி வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், காகிதம் பாடும்! என் பிள்ளைகளின் கண் அன்று விரிந்தது போல வேறெதற்கும் விரிந்து நான் பார்த்ததில்லை. நல்ல தட்டென்றால் விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். மதுரை வெயிலில் காரில் விட்டுவிட்டு வந்தால் வளைந்துவிடும்.

கடைசிப் பாட்டு 'எ டே இன் த லைஃப்'. முடிவில் மூன்று பியானோக்களில் ஒரே நேரத்தில் ஒரு அடி! அந்த ஒலி நாற்பது நொடிக்கு மேல் கரைந்துகொண்டே போகும். ஒலி தேயத் தேயப் பதிவுக்காரர்கள் அளவை ஏற்றிக்கொண்டே போனதால், ஸ்டுடியோவில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டதுகூடத் தட்டில் விழுந்திருக்கிறது. மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். "நாற்காலி!" என்று முதலில் கத்தியது ஐந்து வயதுக்காரன். இத்தனை வருடம் கேட்ட நான் இல்லை.

அதற்குப் பிறகும் ஒன்று இருக்கிறது, தெரியுமா? பியானோ அடங்கியதும், பிரிட்டனில் வந்த தட்டில், நாய்க்குக் கேட்கும் 15,000 ஹெர்ட்ஸ் கீச்சொலி ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். வயது ஏற ஏற மனிதக் காது உச்சஸ்தாயிகளை ஒவ்வொன்றாக இழக்கும். எனக்கு அங்கே வெறும் அமைதி. வாசலில் படுத்திருந்த தெருநாய் தலையைத் தூக்கியது. பிள்ளைகள் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"கேக்குதுப்பா! உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை ஆத்தா. எப்படி இருந்தது, நீ சொல்லு. மெல்லிசா கொசு பாடுற மாதிரி, ஆனா ரொம்ப ரொம்ப மேல, மலை உச்சிக்கும் மேல என்றாள். என் வாழ்நாளெல்லாம் கேட்ட தட்டில் எனக்குக் கேட்காத இடம் எப்படி இருக்கும் என்று என் மகள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஊசி கடைசி வட்டத்துக்குள் போய்விட்டது. அங்கே ஏதோ உளறலும் சிரிப்புமாக இரண்டு நொடிச் சத்தம், கோடு வட்டமாகவே மூடிக்கொள்வதால் யாராவது ஊசியைத் தூக்கும்வரை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். கையை நீட்டினேன். "தூக்காதீங்கப்பா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். சோறு ஆறட்டும் என்று அப்பத்தாவும் உட்கார்ந்துவிட்டார்.