ஒரு நிலநடுக்கம், மூன்று எண்கள்

ஜவ்வாது மலையடிவாரத்தில், அமிர்தியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். சென்ற பருவத்தில், இந்தியாவின் பெரிய நிலநடுக்கங்களைப் பட்டியலிட்டு வருமாறு ஒப்படைப்பு கொடுத்தேன். 1905 காங்க்ரா நிலநடுக்கத்துக்கு ஒரு மாணவி 7.8 என்று எழுதியிருந்தாள். நான் படித்த பழைய நூலில் 8.6 என்றிருந்ததால் சிவப்பு மையில் தவறு என்று குறித்தேன். மறுநாள் அவள் நூலகப் புத்தகத்துடன் வந்தாள். "சார், இதுல 7.8-னுதான் போட்டிருக்கு." தேடிப் பார்த்தபோது 8.0 என்று மூன்றாவது எண்ணும் கிடைத்தது. எதுவும் அச்சுப்பிழை இல்லை.

1905 ஏப்ரல் 4 அன்று, இன்றைய இமாசலப் பிரதேசத்தில் ஏற்பட்ட அந்த நிலநடுக்கத்தில் சுமார் 20,000 பேர் இறந்தனர். ரிக்டர் தம் அளவுகோலை வெளியிட்டதோ 1935-இல். ஆகவே, அன்றைய நில அதிர்வுமானிகள் வரைந்த கோடுகளைப் பிற்காலத்தவர் அளந்துதான் எண்ணைக் கண்டறிந்தனர்.

1897 அசாம் நிலநடுக்கத்துக்குப் பின் ஜான் மில்ன் வடிவமைத்த கருவிகள் கொல்கத்தாவின் அலிப்பூர், மும்பையின் கொலாபா, நம் கோடைக்கானல் ஆகிய இடங்களில் நிறுவப்பட்டன. நம் மலையிலுள்ள காவலூர் வானாய்வகமும் கோடைக்கானல் ஆய்வகமும் இன்று ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மில்ன் கருவி அடிப்படையில் ஓர் ஊசல். அதில் அலைவைத் தணிக்கும் அமைப்பு இல்லை. தொலைவிலிருந்து வரும் மேற்பரப்பு அலைகளின் அலைவு நேரம் சுமார் 20 விநாடி. ஊசலின் அலைவு நேரமும் அதற்கு நெருக்கமானது. இரண்டும் ஒத்துப்போனால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, நிலம் அசைந்ததைவிட மிகப் பெரிய கோட்டைக் கருவி வரைந்துவிடும்.

இதை வகுப்பில் செய்து காட்டினேன். ஒரே நீளத்தில் இரண்டு ஊசல்களை ஒரே கம்பில் கட்டுங்கள். ஒன்றின் குண்டுக்கு அடியில் பிளாஸ்டிக் மூடித் துண்டு ஒன்றைப் பொருத்தி, அது வாளித் தண்ணீரில் மூழ்குமாறு வையுங்கள். ஊசலின் தாளத்துக்கு ஏற்பக் கம்பை மெல்ல ஐந்தாறு முறை அசையுங்கள். கம்பு நகர்ந்தது இரண்டு விரற்கடைதான். தணிப்பில்லாத ஊசலோ ஒரு சாணுக்கு மேல் ஆடியது. தண்ணீரில் இருந்தது அடக்கமாக ஆடி, கம்பு நின்றதும் நின்றுவிட்டது. "அப்போ பெரிசா ஆடுறது பொய் சொல்லுதா சார்?" என்று ஒருவன் கேட்டான். பொய்யில்லை, எத்தனை மடங்கு கூட்டிச் சொல்கிறது என்பது தெரிந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

தரப்படுத்துதல் என்பது இதுவே. தணிப்புள்ள கருவிகளிலிருந்து பெற்ற அளவுகளோடு மில்ன் பதிவுகளை ஒப்பிட்டு, அக்கருவி சராசரியாக எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டியது என்று முதலில் கண்டறிகிறார்கள். பிறகு பல நிலையங்களின் பதிவுகளை அந்த விகிதத்தால் திருத்தி, ஒரே சூத்திரத்தில் இட்டுச் சராசரி எடுக்கிறார்கள். ஜப்பானின் அபேயும் நொகுச்சியும் 1897 முதல் 1912 வரையிலான பெரிய நிலநடுக்கங்களின் அளவுகளை 1983-இல் இப்படித் திருத்தினர். பழைய பதிவுகளை மறுபடி கணக்கிட்ட அம்ப்ரசேஸும் பில்ஹாமும், காங்க்ராவுக்கு 2000-இல் 7.8 என்ற எண்ணைத் தந்தனர்.

8.6-க்கும் 7.8-க்கும் 0.8தானே வேறுபாடு என்று தோன்றலாம். இது மடக்கை அளவுகோல். எண் 1 கூடினால் அலையின் வீச்சு 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 0.8 என்பது ஆற்றலில் ஏறத்தாழ 16 மடங்கு. ஓரிடத்தில் எவ்வளவு பெரிய நிலநடுக்கம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்பதைப் பழைய பட்டியலை வைத்தே மதிப்பிடுகிறார்கள். பள்ளிக் கட்டடத்தின் வலிமையும் அதையொட்டியே முடிவாகிறது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியை உலுக்கிய, ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கமும் அந்தப் பட்டியலில் உண்டு.

மாணவியிடம் வருத்தம் தெரிவித்து மதிப்பெண்ணைத் திருத்தினேன். இப்போது என் வகுப்பில் நிலநடுக்கப் பட்டியலில் கூடுதலாக ஒரு கட்டம் உண்டு: 'இந்த எண் எந்த ஆண்டுக் கணக்கு?' உங்கள் வகுப்பிலும் சேர்த்துப் பாருங்கள்.